அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கீழ்ப் படுக்கை வேண்டும்: ஊர் ரயிலில் இப்போது விதி எப்படி?

தென்காசி ஈசூன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறேன். விமான டிக்கெட் ஜூன் மாதமே எடுத்தாயிற்று. ரயில் டிக்கெட்டில்தான் குழம்பிப்போய் நிற்கிறேன்.

நாங்கள் நாலு பேர். எனக்கு 43, மகனுக்கு 11, அம்மாவுக்கு 71. சென்னையில் பெரியம்மா சேர்ந்துகொள்வார், அவருக்கு 74. இரண்டு நாள் அம்பத்தூரில் பெரியம்மா வீட்டில் இருந்துவிட்டு, டிசம்பர் 5 இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி. 7-ந் தேதி மாமா வீட்டுக் கல்யாணம். பெரியம்மா விமானத்தில் ஏறவே மாட்டார். அம்மாவும் அவரும் நேரில் பார்த்தே இரண்டு வருடம் ஆகப்போகிறது, அதனால் சேர்ந்துதான் போகவேண்டும் என்கிறார்கள்.

போன முறை, 2024 டிசம்பரில், இதே வண்டியில்தான் போனோம். என் அத்தான் நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டு, ஆகஸ்டிலேயே எடுத்து வைத்திருந்தார். தேர்டு ஏசி, பி2 பெட்டி. வந்த நம்பர்கள் 18, 19, 22, 24. வண்டியில் ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஒன்று நடுப் படுக்கை, மற்ற மூன்றும் மேலே. இரண்டு கிழவிகளுக்கும் கீழே ஒன்றுகூட இல்லை.

20-ல் இருந்த கல்லூரிப் பையன் கேட்ட உடனே எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும். 17-ல் இருந்த பெரியவருக்கே இடுப்பில் பெல்ட், அவரிடம் எப்படிக் கேட்பது? பெரியம்மா நடுப் படுக்கைக்கு ஏறிப் பார்த்தார். ஓரத்து ஏணியின் இரண்டாவது கம்பியில் கால் வைத்ததும் சேலைக் கரை மாட்டிக்கொண்டது. ஒரு கையால் படுக்கைச் சங்கிலியைப் பிடித்தபடி, மேலேயும் போகமுடியாமல் கீழேயும் இறங்கமுடியாமல் அப்படியே நின்றுவிட்டார். நானும் அந்தப் பையனும் தாங்கிப் பிடித்து இறக்கினோம். கடைசியில் அக்காவும் தங்கையும் ஒரே கீழ்ப் படுக்கையில்தான் ராத்திரியைக் கழித்தார்கள். அம்மா தலை ஜன்னல் பக்கம், பெரியம்மா தலை நடைபாதைப் பக்கம். அந்தப் படுக்கை ஒரு ஆளுக்கே அளவாகச் செய்தது. பெரியம்மா தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். ராஜபாளையத்தில் விடிந்தபோது இரண்டு காலும் வீங்கி, செருப்பு உள்ளே போகவில்லை.

இன்னொரு தடவை அப்படி நடக்கக்கூடாது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

இப்போது விதி எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். எத்தனை நாள் முன்னால் எடுக்கலாம்? ஆதார் இல்லாமல் எடுக்கவே முடியாதா? நானும் மகனும் சிங்கப்பூர்க் குடிமக்கள். அம்மா நிரந்தரவாசி, இந்தியப் பாஸ்போர்ட், ஆனால் அம்மாவுக்கும் ஆதார் கிடையாது. பெரியம்மாவுக்கு மட்டும் இருக்கிறது. வெளிநாட்டவருக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்று தேக்காவில் ஒருவர் சொன்னார், அது எங்களுக்கு ஆகுமா? முக்கியமாக, கீழ்ப் படுக்கை நிச்சயமாகக் கிடைக்க என்ன செய்யவேண்டும்? செலவைப் பற்றிக் கவலை இல்லை.

செங்காங் ராத்திரி ஷிஃப்ட் எழுதியது:

அக்கா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வருடத்துக்கு இரண்டு முறை விருதுநகர் போகிறவன்.

120 நாள் என்பது போய்விட்டது. 2024 நவம்பர் 1-லிருந்து 60 நாள்தான், அதுவும் பயண நாளைச் சேர்க்காமல். உங்களுக்கு டிசம்பர் 5 என்றால் அக்டோபர் 6 காலை திறக்கும். இந்திய நேரம் 8 மணி, நமக்கு 10.30. இதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். போன தீபாவளிக்கு நான் நமக்கும் 8 மணிதான் என்று நினைத்து இரண்டரை மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அது பரவாயில்லை. ஆனால் வேலைக்கு நடுவில் 10.30-க்குக் கையில் போனோடு தயாராக இருப்பதுதான் கஷ்டம்.

ஆதார் விஷயம்: 2025 ஜூலை 1 முதல் கடைசி நேர டிக்கெட்டான தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவுக்கும், திறக்கும் நாளில் முதல் 15 நிமிடம் அப்படி. பிறகு அந்த நேரத்தைப் படிப்படியாக நீட்டி, இப்போது திறக்கும் முதல் நாள் முழுவதும் ஆன்லைனில் ஆதார் சரிபார்த்த கணக்குக்காரர்கள்தான் எடுக்கமுடியும். பொதிகை மாதிரி வண்டியில் மறுநாள் வரை கீழ்ப் படுக்கை மிச்சம் இருக்கும் என்று நம்பி உட்காரவேண்டாம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சரிபார்த்திருக்கவேண்டியது டிக்கெட் எடுப்பவரின் கணக்குதான். பயணம் செய்கிற நாலு பேருக்கும் ஆதார் வேண்டும் என்று இல்லை. உங்கள் அத்தான் அவருடைய கணக்கில் உங்களுக்கு எடுத்துத் தரலாம். சொந்தக்காரர், நண்பர் யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், காசுக்கு விற்கத்தான் கூடாது. ஆதார் இணைத்த கணக்கில் மாதம் 24 டிக்கெட் வரை எடுக்கலாம்.

அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் ஊரில் இறங்கியதும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். 182 நாள் தங்கியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இல்லை. இந்தப் பயணத்துக்கு உதவாது, அடுத்ததற்கு ஆகும். வண்டியில் அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டே போதும், அசல் கையில் இருக்கவேண்டும்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். ஆன்லைனில் எடுத்தது சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், ஏறவே முடியாது. கவுன்ட்டர் வெயிட்டிங் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறினாலும் இறக்கிவிடுவார்கள். ஒரே நல்லது, முன்பு 4 மணி நேரத்துக்கு முன் போட்ட சார்ட்டை இப்போது இரவு வண்டிகளுக்குக் குறைந்தது 10 மணி நேரத்துக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். மதியத்துக்குள் நிலவரம் தெரிந்துவிடும்.

பொங்கோல் தாத்தா எழுதியது:

தாயி, உன் கேள்வியைப் பேத்தி படித்துக் காட்டினாள். நான் மதுரை ஜங்ஷன் முன்பதிவு கவுன்ட்டரில் 22 வருடம் உட்கார்ந்தவன். இப்போது மகள் வீட்டில் பொங்கோலில் இருக்கிறேன். உன் பெரியம்மா ஏணியில் நின்றதைக் கேட்டு மனசு சங்கடப்பட்டது. அந்த டிக்கெட்டில் கோளாறு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உன் அத்தான் மேல் தப்பில்லை, பாசத்தில்தான் எல்லாரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அந்த ஒரே டிக்கெட்தான் பெரியவர்கள் இரண்டு பேரையும் மேலே ஏற்றிவிட்டது.

மூத்தவர்களுக்கென்று ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்லீப்பரில் பெட்டிக்கு 6, 7. தேர்டு ஏசியில் 4, 5. செகண்ட் ஏசியில் 3, 4. ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது ஆகியிருக்கவேண்டும். ஆனால் அந்த ஒதுக்கீடு ஒரு டிக்கெட்டில் தனி ஆளாகவோ, அல்லது இரண்டு பேராகவோ போனால்தான். இரண்டு பேர் என்றால் இருவருமே அந்த வயதுக்காரர்களாக இருக்கவேண்டும். உன் மாதிரி ஒரு 43-ம் ஒரு 11-ம் அந்த டிக்கெட்டில் சேர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாலு பேரையும் பொதுவில் தள்ளி, எது மிச்சமோ அதைக் கொடுக்கும்.

கவுன்ட்டரில் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு படிவத்தில் ஆறு பேர் எழுதலாம். ஆறு வரியையும் நிரப்பிக்கொண்டு வருவார்கள். கயிற்றில் கட்டிய பேனா மை விட்டு விட்டு எழுதும், ஆச்சி பெயர் எப்போதும் கடைசி வரியில் பாதி அழிந்து இருக்கும், பக்கத்தில் வயது 70. "அம்மா, ஆச்சிக்கு மட்டும் தனிப் படிவம் எழுதுங்க" என்பேன். "எதுக்கு சார் பிரிக்கிறீங்க, நாங்க ஒரே குடும்பம்" என்று கோபிப்பார்கள். பின்னால் வரிசை நீளும். விளக்க நேரம் இருக்காது. இப்போது உனக்கு விளக்க நேரம் இருக்கிறது, அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே இரண்டு டிக்கெட்டாக எடு. முதல் டிக்கெட் அம்மாவும் பெரியம்மாவும் மட்டும். எடுக்கும்போது பொது ஒதுக்கீடு என்று தானாக நிற்கும், அதை மாற்றி, கீழ்ப் படுக்கை, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல். அது முடிந்த பிறகு உனக்கும் பையனுக்கும் இரண்டாவது டிக்கெட், பொதுவில். உங்களுக்கு மேலே கிடைத்தால் என்ன, ஏறக்கூடிய உடம்பு. பெட்டி மாறினாலும் பயப்படாதே, ஏசி பெட்டிகள் உள்ளுக்குள்ளேயே நடந்து போகிற மாதிரித்தான் இருக்கும்.

இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தெரிவு இருக்கும். அந்த ஒதுக்கீட்டில் எடுக்கும்போது அதையும் போட்டு இறுக்கவேண்டாம். கிடைக்கவில்லை என்றால் டிக்கெட் விழாது, பணம் திரும்பிவர நாளாகும், அதற்குள் வண்டி நிரம்பிவிடும்.

செலவு பரவாயில்லை என்றால் செகண்ட் ஏசி எடு. அதில் நடுப் படுக்கையே கிடையாது. நிமிர்ந்து உட்காரலாம், நினைத்த நேரத்தில் படுக்கலாம். தேர்டு ஏசியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் நடுப் படுக்கையை விரிக்கவேண்டும் என்று விதி. ஆனால் எட்டரைக்கே ஒருவர் படுக்க நினைத்தால் கீழே இருப்பவர் கழுத்தை வளைத்து உட்காரவேண்டியதுதான்.

நம்பர் பார்க்கத் தெரிந்துகொள், வண்டியில் ஏறித் திகைக்கவேண்டாம். ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் எட்டு எட்டாகக் கணக்கு. 1 கீழ், 2 நடு, 3 மேல், 4 கீழ், 5 நடு, 6 மேல், 7 பக்கக் கீழ், 8 பக்க மேல். உன் 18-ஐ எட்டால் வகுத்தால் மீதி 2, நடு. 19-க்கு 3, 22-க்கு 6, இரண்டும் மேல். 24 சரியாக வகுபடும், பக்க மேல். டிக்கெட் வந்த ஆகஸ்ட் மாதமே இது தெரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றி எடுத்திருக்கலாம். செகண்ட் ஏசியில் ஆறு ஆறாகக் கணக்கு. மீதி 1, 3 வந்தால் கீழ். 5 பக்கக் கீழ்.

அப்படியும் ஒருவருக்கு மேலே விழுந்துவிட்டால் வண்டி கிளம்பியதும் டி.டி.ஆரிடம் போய்ச் சொல். ஏறாத ஆளின் கீழ்ப் படுக்கை காலியாக இருந்தால் அதை மூத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கேட்காமல் வராது. சீக்கிரம் கேட்கவேண்டும், செங்கல்பட்டு தாண்டுவதற்குள்.

மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, அதைத் தேடாதே. பையன் 12-க்குக் கீழே என்பதால் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டும் என்றால் முழுசு. அவனுக்குப் படுக்கை எடுத்துவிடு, வளர்ந்த பிள்ளை.

சிவப்புப் பாஸ்போர்ட் எழுதியது:

வெளிநாட்டவர் ஒதுக்கீட்டைப் பற்றி நான் சொல்கிறேன், போன வருடம் அதில்தான் போனேன். 60 நாளாகக் குறைத்தபோதும் அதைத் தொடவில்லை, அதில் 365 நாள் முன்னாலேயே எடுக்கலாம். வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணிலேயே கணக்குத் திறக்கலாம், சிறிய கட்டணம் உண்டு. பாஸ்போர்ட் எண் கேட்கும். ஆனால் எல்லா வண்டியிலும் எல்லா வகுப்பிலும் இருக்காது. அதோடு அம்பத்தூரில் இருக்கும் பெரியம்மாவை அதில் சேர்க்கமுடியாது. உங்களுக்கும் மகனுக்கும் வேண்டுமானால் முயன்று பாருங்கள். இரண்டு பெரியவர்களுக்கும் தாத்தா சொன்னதுதான் வழி.

தெம்பனிஸ் 21 எழுதியது:

ஏன் இரவு வண்டியில் போகவேண்டும்? எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத் இருக்கிறது, 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. படுக்கையே இல்லை, எல்லாம் உட்காரும் இருக்கை, ஏணியும் இல்லை. மதியம் ஏறினால் ராத்திரி திருநெல்வேலி. அங்கிருந்து கார் பிடித்தால் தென்காசி. எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் இரண்டு இரண்டு இருக்கைதான், அகலமாக இருக்கும். நான் என் மாமியாரை அப்படித்தான் கூட்டிப்போனேன், அவருக்கு வசதியாக இருந்தது.

பொங்கோல் தாத்தா எழுதியது:

நல்ல வண்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் கால் தொங்கப் போட்டு உட்காரவேண்டும், அப்புறம் நடுராத்திரியில் காரில் ஒன்றரை மணி நேரம். 74 வயதில், ஏற்கெனவே கால் வீங்குகிறவருக்கு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவதுதான் சுகம். அந்தப் பெரியம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுவிடு தாயி. நாம் பாட்டுக்கு முடிவு செய்யக்கூடாது.

தென்காசி ஈசூன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, 18-ஐ எட்டால் வகுத்து நீங்கள் சொன்னதைப் படித்தபோது அழுகையே வந்துவிட்டது. நாலு மாதம் அந்த டிக்கெட் என் போனில் இருந்தது, ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.

பெரியம்மாவைக் கேட்டேன். பொதிகைதான் வேண்டுமாம். விடியும்போது மேற்கே மலை தெரிவதைப் பார்க்கவேண்டும் என்கிறார். அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவருடைய கணக்கு ஆதார் சரிபார்த்ததுதான். கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர் மகனைத் தென்காசி ஸ்டேஷன் கவுன்ட்டர் வரிசையிலும் நிறுத்துகிறேன் என்கிறார். கவுன்ட்டரில் அந்த முதல் நாள் ஆதார் கட்டுப்பாடு இல்லையாம்.

6-ந் தேதி முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

தென்காசி ஈசூன் எழுதியது (அக்டோபர் 6):

கிடைத்துவிட்டது!

நான் வேலையிடத்தில் மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன். 10.30-க்கு அத்தான் போனிலேயே இருந்தார், ஸ்பீக்கரில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. முதலில் பெரியவர்கள் டிக்கெட். செகண்ட் ஏசி, ஏ1 பெட்டி, 7-ம் 9-ம். உடனே ஆறால் வகுத்துப் பார்த்தேன். மீதி 1, மீதி 3. இரண்டும் கீழ், எதிரெதிர். அதற்குப் பிறகு எனக்கும் மகனுக்கும் அதே பெட்டியில் 20, 24. இரண்டும் மேலே. மகனுக்கு மேலே ஏறுவதென்றால் கொண்டாட்டம்.

உடனே பெரியம்மாவுக்கு போன் போட்டேன். "ரெண்டும் கீழேயா? நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நடுவுல எவ்வளவு இடம் இருக்கும்? படுத்துக்கிட்டே நீட்டுனா அவ கை எட்டுமா?" என்றார்.

தாத்தா, எட்டுமா?

பொங்கோல் தாத்தா எழுதியது:

எட்டும் தாயி. இரண்டு பேரும் கொஞ்சம் ஓரமாகப் படுக்கவேண்டும், அவ்வளவுதான்.